செவ்வாய்க்கிழமை எரியாத விளக்கு

வள்ளிக்கண்ணுவைத் தேடி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் துப்புத் துலக்கச் சொல்லி வருவதில்லை. கையெழுத்து வாங்க வருகிறார்கள். வையம்பட்டிப் பக்கத்தில் அவள் ஊரிலிருந்து பி.எஸ்ஸி. பாஸ் செய்த முதல் பிறவி அவள். அதனால் எருமை காணாமல் போன புகாரில்கூட அடியில் அவள் பெயர் இருந்தாக வேண்டும். "எருமையை நான் கண்டுபிடிச்சுத் தரேன்" என்றால், "அது கிடக்கு, நீ கையெழுத்தைப் போடு தாயி" என்பார்கள்.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சோடாக் கடை மாடியில், 'வள்ளிக்கண்ணு பி.எஸ்ஸி., துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி எட்டு மாதம் ஆகிறது. 1962 சித்திரையில் ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி வெயிலில் படியேறி வந்த ஆளும் முதலில் கேட்டது இதைத்தான்:

"ஐயா இல்லீங்களா?"

"ஐயா ஊர்ல கடலைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருக்காரு. அவரு கைநாட்டு. பரவாயில்லையா?"

மூலையில் டைப்ரைட்டருக்குப் பின்னால் இருந்த இருதயமேரி களுக்கென்று சிரித்தாள். பாலக்கரைக்காரி, ஹாஸ்டலில் வள்ளிக்கண்ணுவின் அறைத்தோழி, இப்போது உதவியாளர். டைப்ரைட்டரைவிட வாய்க்குத்தான் அவளிடம் வேலை அதிகம்.

வந்தவர் ஆறடி உயரம். நெற்றியில் சந்தனம், ஜிப்பாவில் ஜவ்வாது வாசனை. வேட்டிக்கு மேல் பச்சைப் பட்டில் ஒரு கச்சை வேறு கட்டியிருந்தார். முடிச்சின் இரண்டு பக்கமும் முயல் காது போல் விரிந்து நின்றது.

"நான் ராஜபார்ட் வீரமலை. ஸ்ரீரங்கத்துல ஆத்தங்கரை மைதானத்துல நம்ம நாடகம்தான் நடக்குது. எங்கிட்ட நாலு போகஸ் லைட்டு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு உள்ளுக்குள்ள கருகிடுச்சு. திங்கக்கிழமை ஒண்ணு. இன்னிக்கு ஒண்ணு. செஞ்சது எங்க லைட்டுக்காரன் மருதை. பிடிச்சு வச்சாச்சு."

"பிடிச்சாச்சுன்னா நான் எதுக்கு?"

"ஏட்டையா வந்திருக்கார். புகார்ல படிச்சவங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாத்தான் கேஸ் நிக்குமாம். எங்க கம்பெனியில எல்லாரும் வசனம்தான் படிச்சிருக்கோம்." அவர் ஒரு தாளை நீட்டினார். "இங்கே போடுங்க டீச்சரம்மா."

"நான் டீச்சர் இல்ல."

"படிச்ச பொம்பளைன்னா டீச்சர்தானேம்மா?"

வள்ளிக்கண்ணுவின் காது சிவந்தது. தாளை மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "விளக்கைப் பார்க்காம நான் கையெழுத்துப் போடறதில்ல. கிளம்புங்க."

"அஞ்சு மணிக்கு ஏட்டையா அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவார்."

"மேரி, குடையை எடு."

"குடையை நான் எடுக்கறேன். கோவத்தை நீயே எடுத்துக்கிட்ட" என்றாள் மேரி.

*

காவிரிப் பாலத்தைத் தாண்டி பஸ் அவர்களை இறக்கிவிட்டபோது நாலு மணி அடிக்கவிருந்தது. மைதானத்தின் மேற்குக் கோடியில் கீற்று வேய்ந்த மேடை. ஜனங்கள் உட்கார வெட்டவெளி மணல். கிழக்குக் கோடியில், மேடையைப் பார்த்தபடி சவுக்குக் கம்பில் கட்டிய ஒரு பரண். பரண் மேல் நாலு போகஸ் லைட், வரிசையாக, நாலும் கறுப்பு மூடி போட்டுக்கொண்டு.

பரணின் காலடியில் ஒல்லியான ஒரு மனிதன் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் குந்தியிருந்தான். பக்கத்தில் முக்காலியில் ஏட்டு பரக்கத் அலி பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

இருதயமேரி சங்கிலியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். காற்றில் பறக்கும் போலிருந்தது. "இது என்னங்க, தகரமா?"

"மூணாவது சீன்ல இளவரசரைக் கட்டற சங்கிலி" என்றார் ஏட்டு. "விலங்கு ஸ்டேஷன்லயே இருந்துடுச்சு."

"இழுத்தா அறுந்துடுமே!"

"அறுந்துடும்தாங்க" என்றான் மருதை. "முதலாளி சபா சொத்து. அதான் பார்த்துப் பதனமா உக்காந்திருக்கேன்."

வள்ளிக்கண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கொளுத்துகிறவன் மூஞ்சி இல்லை இது. ஆனால் மூஞ்சியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற வேலையை ஊரார் செய்யப் பார்த்துப் பார்த்து அவள் அலுத்துப்போனவள். ஏணியில் ஏறினாள்.

"டீச்சரம்மா, பார்த்து!" என்றான் மருதை.

"டீச்சர் இல்ல!"

மூடிகள் பழைய திரைச்சீலையில் வெட்டித் தைத்தவை. இராக்கால வானம் எழுதிய சீலை போலிருக்கிறது. ஜிகினா நட்சத்திரங்கள் அங்கங்கே ஒட்டியிருந்தன. கருகின விளக்குகளில் முதலாவதின் மூடியை அவள் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொசுங்கல் இல்லை. கரி இல்லை. ஆனால் விளக்கின் பின்தகட்டைத் திறந்தால் உள்ளே பல்பு மாட்டும் ஹோல்டர் உருகி வழிந்து, ஒயரின் நூல் கருகிக் கிடந்தது.

"மூடி போட்டபடி இருக்கு, உள்ளே அடுப்பு எரிஞ்சிருக்கு" என்றாள் பின்னாலேயே ஏறிவந்த மேரி. "இவ்வளவு மரியாதையான நெருப்பை நான் பார்த்ததில்லடி. வேலையை முடிச்சுட்டுப் போர்த்திவிட்டுப் போயிருக்கு."

"இங்க பாரு." வள்ளிக்கண்ணு உள்ளே விரல் விட்டுக் காட்டினாள். விளக்கின் உட்புறத்தில் பூசியிருந்த பெயின்ட் மேலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு போலக் கொப்பளித்திருந்தது. மூன்று விரல்கடை நீளம். "ஒருத்தன் கொள்ளிக்கட்டையைக் காட்டினா என்ன ஆகும்?"

"ஓட்டை விழும். இல்ல, மொத்தமாக் கருகும்."

"இது நடந்து போயிருக்கு. மெதுவா. அவசரமே இல்லாம. இந்த மூணு விரல்கடையைக் கடக்க அரை மணிக்கு மேல எடுத்திருக்கும்."

"எங்க ஊர் முனிசிபாலிட்டிக்காரன் எவனாவதா?"

வள்ளிக்கண்ணு கீழே எட்டிப் பார்த்தாள். "மருதை! இது எதனால ஆச்சுன்னு நீ நினைக்கிறே?"

மருதை வாயைத் திறந்தான். வீரமலை முந்திக்கொண்டார். "அவனை என்னம்மா கேக்கறது? அரியமங்கலத்துப் பட்டறையில தகரம் தட்டிக்கிட்டிருந்த பய!"

"உங்களைக் கேக்கலை. மருதை, சொல்லு."

தன்னைத்தான் கேட்கிறாள் என்று புரிந்துகொள்ள மருதைக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "வெயில்தாங்க இப்படிச் செய்யும். முன்னாடி இருக்கிற லென்ஸு வெயிலைப் பார்த்துச்சுன்னா, வெயிலை எல்லாம் ஒரே புள்ளியாச் சேர்த்து உள்ளே இறக்கிடும். பட்டறையில தொழில் சொல்லிக் குடுத்தவர் சொல்லியிருக்காருங்க. அதுக்காகத்தான் நானே மூடி தச்சேன். ராத்திரி நாடகம் முடிஞ்சதும் நாலையும் மூடிட்டுத்தான் படுப்பேன். சாயங்காலம் நான் அவுக்கிற வரைக்கும் மூடிதான் இருக்கு. பின்னே வெயில் எப்படிங்க உள்ளே போகும்? அதான் எனக்கே விளங்கலை."

வள்ளிக்கண்ணுவுக்குப் பளீரென்றது. மூன்று வருஷம் பிசிக்ஸ் படித்தவள் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டதை இந்த மனிதன் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவைத்திருக்கிறான். அவனை ஒருத்தர் கேட்டால்தானே!

"சூரியன் மேலே ஏற ஏற, லென்ஸ் அந்தப் புள்ளியைக் கீழே இறக்கும்" என்றாள். "கோடு மேலிருந்து கீழே வந்திருக்கு. அப்போ சூரியன் ஏறுற நேரம். காலையில. விளக்கு மேடையைப் பார்க்காம கிழக்கே பார்த்திருக்கு. யாரோ விடியக்காலம் மூடியை அவுத்து, விளக்கைத் திருப்பி வச்சு, அப்புறம் பழையபடி திருப்பி மூடியிருக்காங்க."

"காலையிலே இங்க யாரும்மா முழிச்சிருப்பா?" என்றார் ஏட்டு. "நாடகக்காரங்க பத்து மணி வரைக்கும் தூங்குவாங்க."

"அதேதான்!" வீரமலை கையை ஓங்கினார். கோபம் வந்தால் அவர் பேச்சு மேடைத் தமிழாகிவிடும் போலிருந்தது. "அந்த வஞ்சகன் இந்த மருதையே! ஆதாரம் கேட்பீர்களாயின் கேளுங்கள்! செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். ஆயினும் அன்று எந்த விளக்கும் எரியவில்லை. ஏன்? அன்று காலை மருதை ஊரிலேயே இல்லை! தஞ்சாவூர் போயிருந்தான்! அவன் இருந்த நாளெல்லாம் எரிந்தது. இல்லாத நாள் எரியவில்லை!"

ஏட்டு தலையை ஆட்டினார். "நல்ல பாயின்ட். புகார்லயும் அதான் எழுதியிருக்கு."

மருதையின் முகம் தொங்கிப்போயிற்று. "வீட்டுல பொண்ணு இன்னிக்கு மருதாணி வச்சுக்கிட்டிருக்குங்க" என்றான் யாரையும் பார்க்காமல். "நாளன்னிக்குப் பரிசம் போட வராங்க. அப்பன் ஸ்டேஷன்ல இருக்கான்னா வருவாங்களா?"

 வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஏட்டின் கைக்கடிகாரத்தில் நாலு இருபது.

அவள் இரண்டாவது விளக்கின் மூடியை அவிழ்க்கப் போனாள். கை அப்படியே நின்றது.

"மருதை, மூடியை எப்படிக் கட்டுவே?"

"ஒரு சுத்து, ஒரு இறுக்கு. அவ்வளவுதாங்க. சாயங்காலம் பின்தகட்டைத் திறந்து பார்த்துட்டுத்தான் மூடியை அவுப்பேன்; கருகினதை அவுக்கறதில்லீங்க."

நாலாவது விளக்கில், இன்னும் கருகாத விளக்கில், கயிறு அப்படித்தான் இருந்தது: ஒரு சுற்று, ஒரு இறுக்கு. இந்த இரண்டாவதில் கயிற்று முடிச்சின் இரண்டு பக்கமும் முயல் காது போல் விரிந்து, பார்க்க லட்சணமாக இருந்தது. மூன்றாவதிலும் அப்படியே.

"கல்யாணப் பொண்ணுக்குப் பின்னின மாதிரி இருக்கே" என்றாள் மேரி. பிறகு குனிந்து கீழே நின்ற வீரமலையின் இடுப்பைப் பார்த்தாள். மறுபடி கயிற்றைப் பார்த்தாள். "ஏசுவே!"

வள்ளிக்கண்ணு ஏணியில் கடகடவென்று இறங்கினாள். "வீரமலை சார். செவ்வாய்க்கிழமை மருதை எதுக்குத் தஞ்சாவூர் போனான்?"

"அடுத்த முகாமுக்கு மைதானம் பார்க்க. பெட்டி தூக்கிக்கிட்டு."

"யாரோட பெட்டி?"

"என்னோட பெட்டி."

"அப்போ அவன் யாரோட போனான்?"

 ஏட்டு சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். பாட்டிலுக்குள் கோலிக்குண்டு உருண்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை ஊர்ல இல்லாதது மருதை மட்டும் இல்ல" என்றாள் வள்ளிக்கண்ணு. "நீங்களும் இல்ல. அவனுக்கு எதிரா நீங்க குடுத்த ஆதாரம் உங்களுக்கும் அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. இடுப்புல கட்டியிருக்கிற முடிச்சும் சேர்த்து."

பெரிய உருவம் மெல்லச் சுருங்கியது. வீரமலை ஏட்டின் முக்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தார். மேடைத் தமிழ் எங்கேயோ போய்விட்டது.

"போன வாரம் மூணு ராத்திரி என் மீசை விழுந்துடுச்சும்மா."

"என்னது?"

"பாண்டிய மகாராஜா வேஷம். 'யாரடா அவன்?'ன்னு கர்ஜிக்கிற இடத்துல ஒட்டு மீசை கழண்டு மந்திரி கையில விழுந்துடுச்சு. ஒரு நாள் இல்ல, மூணு நாள். ஜனங்க 'மீசை, மீசை'ன்னு கத்தறாங்க. திருவானைக்காவல்ல ஒரு ஜோசியரைப் பார்த்தேன். 'உன் விளக்கெல்லாம் மேற்கே பார்த்து எரியுது. வீட்டு விளக்கை யாராவது அப்படி ஏத்துவாங்களா? ஒரு நாளைக்கு ஒரு விளக்கா உதயத்துல கிழக்கே பார்க்க வை. யாருக்கும் சொல்லாதே, சொன்னா பலிக்காது'ன்னார். விடியக்காலம் எழுந்து ஒண்ணைத் திருப்பி வச்சு, கற்பூரம் காட்டிட்டு அம்மா மண்டபம் படித்துறைக்குக் குளிக்கப் போயிடுவேன். ஒம்பது மணிக்கு வந்து திருப்பி மூடிடுவேன். மூடி போட்டிருந்தா சூரியன் எப்படிம்மா பார்ப்பார்? அதனாலதான் அவுத்தேன்."

"மூணு விளக்குக்கு உலை வச்சுட்டு, பழியை அவன் தலையிலயா போட்டீங்க?"

"நான் கற்பூரம்தாம்மா காட்டினேன், அதுவும் வெளியே!" அவர் துள்ளி எழுந்தார். "கிழக்கே பார்த்து வச்ச விளக்கை சூரிய பகவான் எரிப்பாரா? நாலு கோடு, ரெண்டு முடிச்சைப் பார்த்து ஏதோ சொல்றீங்க. அவன்தான் என்னமோ பண்ணியிருக்கான். புகார் புகார்தான். ஏட்டையா, மணி என்ன?"

"நாலே முக்கால்."

வள்ளிக்கண்ணு மேற்கே பார்த்தாள். மேடைக் கீற்றுக்கு ஒரு பனை உயரத்தில் சூரியன் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுடைய ஒரே சாட்சி இறங்கிப் போய்விடும். ஏட்டு மருதையோடு போய்விடுவார்.

"மேரி, நாலாவது விளக்கு! பல்பைக் கழட்டு. ஏட்டையா, மேலே வாங்க. வெளிச்சத்துல ஒரு காகிதத்தைப் பிடிக்கணும்."

"எந்தக் காகிதம்?"

அவள் கைப்பையைத் திறந்து புகாரை எடுத்தாள்.

ஏட்டு மூச்சிரைக்க ஏறினார். மேரி மூடியை அவிழ்த்து, பின்தகட்டைத் திறந்து, பல்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வள்ளிக்கண்ணு விளக்கைப் பிடித்து, மேடையைத் தாண்டி, கீற்றைத் தாண்டி, சூரியனுக்கு நேரே நிமிர்த்தினாள். பல்பு இருந்த இடத்தில் ஏட்டு புகாரைப் பிடித்தார். தாளின் மேல் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வெளிச்சம் விழுந்தது. அவள் விளக்கை ஒரு நூல் அசைத்தாள். பாக்கு சுருங்கி மிளகு ஆயிற்று. மிளகு போய் உட்கார்ந்த இடத்தில் 'எதிரி: மருதை' என்று எழுதியிருந்தது.

ஏட்டு மூணு எண்ணி முடிப்பதற்குள் புகை கிளம்பிவிட்டது.

"யா அல்லா!" என்று அவர் கையை உதறினார். தாள் காற்றில் சுழன்று வீரமலையின் காலடியில் விழுந்தது. மருதையின் பெயர் இருந்த இடத்தில் கறுத்த விளிம்போடு ஒரு ஓட்டை. அதற்குள் ஸ்ரீரங்கத்து மணல் தெரிந்தது.

வீரமலை அதைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார். கண் கூசியது, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்.

"எதிரி இல்லாத புகார் செல்லாதே" என்றார் ஏட்டு, விரலை வாயில் வைத்தபடி. "யார் பேரை எழுதறது? சூரியனா?"

"எழுதுங்க" என்றாள் மேரி.

"தகப்பனார் பேரு?"

"அநாதைன்னு போட்டுக்குங்க."

"இருப்பிடம்?"

"காலையில கிழக்கே. இப்ப மேற்கே ஓடிட்டிருக்கான். சைக்கிள்ல போனாப் பிடிச்சிடலாம்."

ஏட்டு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அப்ப என் மீசை?" என்றார் வீரமலை திடீரென்று. குரல் குழந்தையுடையதாக இருந்தது. "ஞாயித்துக்கிழமையிலேருந்து விழவே இல்லையேம்மா! பரிகாரம் பலிச்சுதே!"

வள்ளிக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டாள். "நாலு விளக்கும் உங்க மூஞ்சியில அடிச்சப்போ சூடு. சூட்டுல வேர்வை. வேர்வையில பசை விட்டுடுச்சு, மீசை விழுந்தது. ஒண்ணொண்ணா எரிச்சீங்க, சூடு குறைஞ்சுது, மீசை நின்னுது. நாளைக்கு நாலாவதையும் எரிச்சுட்டா மீசை சாகற வரைக்கும் விழாது. ஆனா அது ஒட்டியிருக்கிறதை யாரும் பார்க்க முடியாது."

வீரமலை பரண் மேலிருந்த நாலு விளக்கையும் ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, எட்டு வருஷமாகத் தன்னிடம் வேலை செய்யும் மனிதன் பக்கம் திரும்பி, அதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"மருதை, என்னப்பா செய்யலாம்?"

"மொதல்ல இதைக் கழட்டிக்கலாங்களா?" மருதை சங்கிலியை ஒரு கண்ணிகூட நசுங்காமல் தலை வழியாகக் கழற்றி முதலாளி கையில் கொடுத்தான். "பரணை ஆறடி பின்னாடி தள்ளணுங்க. சூடு குறையும். பொங்கல்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். ஒயரும் ஹோல்டரும் வாங்கிக் குடுங்க, மூணையும் நான் சரி பண்ணிடறேன். அப்புறம் பகல்ல லென்ஸ் முகம் கீழே மண்ணைப் பார்த்தே இருக்கணும். மூடியை என்னைத் தவிர யாரும் அவுக்கக் கூடாது. நாளன்னிக்கு எனக்கு லீவு."

"எல்லாம் அப்படியே ஆகட்டும்" என்றார் வீரமலை. "அந்த லென்ஸ் விஷயத்தையும் மூடி விஷயத்தையும் எழுதிப் பரண்ல மாட்டிடுவோம். டீச்சரம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் எங்க ஆளுங்க மதிப்பாங்க. படிச்சவங்க கையெழுத்து பாருங்க."

வள்ளிக்கண்ணுவின் காது மறுபடி சிவந்தது. ஆனாலும் சோடாப் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதினாள்: 'விளக்கின் முகம் வெயிலைப் பார்க்கக் கூடாது. மூடியை மருதை தவிர யாரும் தொடக் கூடாது.' எழுதிவிட்டுப் பேனாவை மருதையிடம் நீட்டினாள்.

"நீ போடு."

"எனக்குக் கைநாட்டுதாங்க..."

"எங்க அப்பாவுக்கும்தான். போடு."

ஸ்டேஷனுக்குப் போகாமல் மைதானத்தில் கைநாட்டு வைக்கிற மைக்கு எங்கே போவது? மருதை சுற்றும் முற்றும் பார்த்தான். ஏணியில் ஏறி, கருகின விளக்குக்குள் கட்டைவிரலை விட்டுத் துடைத்து எடுத்து, அந்தக் கரியாலேயே அட்டையின் அடியில் அழுத்தினான். ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது.

அதற்குக் கீழே, சாட்சி என்று எழுதி, வள்ளிக்கண்ணு பி.எஸ்ஸி. கையெழுத்துப் போட்டாள். சாட்சியாகப் போடச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை.